திட்டு வாங்குவது மெஷின், வலி வாங்குவது யார்?

"சனியன் பிடிச்ச மெஷின்!"

ராத்திரி ஒரு மணிக்கு மாடியறையிலிருந்து இப்படி ஒரு கத்தல் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நெம்மேலியில் எங்க வீட்டில் கொஞ்ச நாள் முன்பு வரை இது தினசரி சங்கதி. என் தம்பி லேப்டாப்பில் பணம் கட்டி போக்கர் ஆடிக்கொண்டிருப்பான். கையில் நல்ல சீட்டு. உள்ளங்கை டச்பேடில் லேசாக உரசும். அம்புக்குறி நழுவி 'ஃபோல்ட்' பட்டனில் விழும். சீட்டும் போச்சு, கட்டிய பணமும் போச்சு! காலையில் பார்த்தால் மணிக்கட்டில் வலி, கழுத்துப் பிடிப்பு.

அவன் திட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. மெலிசாக இருக்கணும் என்று டச்பேடுக்கான தனி பட்டன்களையும் பல மாடல்களில் எடுத்துவிட்டார்கள். கடையில் பார்க்க லட்சணம், கைக்கு அவஸ்தை!

போதாக்குறைக்கு எங்க ஊர் உப்புக் காற்று. கடல்நீரைக் குடிநீராக்க 2013-ல் இங்கே ஓர் ஆலை வந்தது. தினமும் 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. அது கடல் உப்பைப் பிரித்துவிடும். ஜன்னல் வழியே வந்து கீபோர்டில் படிகிற உப்பை யார் பிரிப்பது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே லேப்டாப்பில் கரண்ட் பில் கட்டும்போது அம்புக்குறி நழுவினால் இவ்வளவு கோபம் வருமா? வராது. பந்தயத்தில் நொடி ஓடுகிறது, பணம் தொங்குகிறது. தோள் இறுகுகிறது, கண் சிமிட்ட மறக்கிறது. அதைவிட ஆபத்து இன்னொன்று. "மெஷின் மட்டும் சரியா இருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்ற சமாதானம்தான் அவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தது.

ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தம்பியின் ஆட்டம் நின்றது. மெஷின் நிற்கவில்லை, இப்போது அவன் மகள் அதில்தான் படிக்கிறாள். அதே குனிந்த கழுத்து!

அதனால் இதைச் செய்யுங்கள். சில நூறு ரூபாயில் தனி மவுஸ் வாங்குங்கள். முடிந்தால் தனி கீபோர்டும். லேப்டாப்பை நாலு தடிப் புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றை 20 விநாடி பாருங்கள். விரல்கள் அடிக்கடி மரத்துப் போனால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கருவியின் குறையை இப்படிச் சரிக்கட்டிவிடலாம். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்கிற குறைக்கு மவுஸ் உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து பேச வீட்டு மனுஷங்கதான் வேண்டும்.

உங்க வீட்டு மாடி விளக்கு நேற்று எத்தனை மணிக்கு அணைந்தது?