வெளுத்துப்போன மல்லிகை

என் தாயார் வஃபாத்தாவதற்கு முன் நட்ட மல்லிகை, சென்ற மாதம் முதன்முதலாகப் பூத்தது. நண்பகலில் படமெடுத்தேன். கரும்பச்சை இலைகளுக்கேற்பக் கேமரா ஒளியைக் கூட்டியதால் பூக்கள் வெறும் வெண்திட்டுகளாயின.

கணினியில் ஒளியைக் குறைத்தேன். வெண்மை சாம்பலாயிற்றேயன்றி இதழின் மடிப்புகள் மீளவில்லை. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 0 முதல் 255 வரையே அளவு. மூன்றும் 255ஐ எட்டிய இடத்தில் மீட்பதற்கு என்ன இருக்கிறது? 'ரா' கோப்பாயின் ஓரளவு மீட்கலாம். செம்பருத்தி இன்னும் பொல்லாதது. சிவப்பு மட்டும் நிரம்பி இதழ் தட்டையாகிவிடும்.

எனவே எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். இருண்ட பகுதியைப் பின்னர் உயர்த்தலாம். வெயிலுக்குக் குடை நிழல் போதும். மறுநாள் குடையுடன் சென்றேன், பூக்கள் உதிர்ந்திருந்தன.