மெழுகுவர்த்தி இல்லாத அட்டை

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு மாலை நான்கு புத்தக அட்டைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் பரப்பினாள். "மாமா, ஸ்காண்டிநேவிய வாழ்க்கை முறையைப் பற்றி நாலு புத்தகம்னு வச்சுண்டு அட்டை போடச் சொல்லியிருக்கா. பார்த்துட்டு உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள். தில்லி நாரைணாவில் அச்சகங்களிலேயே காலம் கழித்தவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறாள்.

டென்மார்க்கின் 'ஹுகே'வுக்கு மெழுகுவர்த்தியும் கம்பளிக் காலுறையும். சுவீடனின் 'லாகொம்' என்பதற்கு ஒரு தராசு. நார்வேயின் 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்' என்பதற்குப் பனிமலை. மறுபடி சுவீடனிலிருந்து 'டோஸ்டேட்னிங்'. அதற்குக் காலியான அலமாரி. எல்லாம் ஒரே வெளிர் சாம்பல், ஒரே மெல்லிய எழுத்து. அழகாகத்தான் இருந்தன. ஆனால் பெயர்களை இடம் மாற்றி அச்சிட்டாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

குற்றம் அவளுடையதல்ல. மைக் வைக்கிங் ஹுகே பற்றி எழுதிய சிறு புத்தகம் 2016-இல் லண்டனில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, காலின்ஸ் ஆகிய இரண்டு அகராதிக்காரர்களும் அந்த ஆண்டின் சொல்லுக்கான பட்டியலில் ஹுகேயைச் சேர்த்தார்கள். அதன் பிறகு இந்த வகைப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. மெழுகுவர்த்தியும் காலுறையும் அவற்றுக்குச் சீருடை ஆகிவிட்டன.

டிசம்பரில் கோபன்ஹேகனில் பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்தான். அங்கே மெழுகுவர்த்தி அலங்காரப் பொருளல்ல. அதைச் சுற்றி நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து, யாரும் பெருமை பேசாமல் பொழுது போக்குவதைத்தான் டேனிஷ்காரர்கள் ஹுகே என்கிறார்கள். ஜனவரியில் அங்கீட்டியைச் சுற்றி உட்கார்ந்த தில்லிவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவளுடைய அட்டையில் மெழுகுவர்த்தி இருந்தது, மனிதர்கள் இல்லை. சமையலறையிலிருந்து அவசரமாக இழுத்துப் போட்ட ஒரு பொருந்தாத நாற்காலியை வரைந்திருந்தால் போதும், யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

லாகொம் என்றால் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், போதுமான அளவு. வைக்கிங் கூட்டத்தில் கொம்பில் ஊற்றிய மதுவை அனைவருக்கும் எட்டும்படி ஆளுக்கு ஒரு மடக்கு குடித்ததிலிருந்து வந்த சொல் என்று கதை சொல்வார்கள். மொழி ஆராய்ச்சியாளர்கள் இதை ஒப்புவதில்லை. சட்டம், முறை என்று பொருள்படும் 'லாக்' என்பதன் பழைய வேற்றுமை வடிவம் அது. எப்படிப் பார்த்தாலும் கடைக்காரரின் தராசுக்கு அதில் வேலையில்லை.

பனிமலைதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ் என்றால் திறந்த வெளியில் வாழ்வது. நாடகாசிரியர் இப்சன் 1859-இல் ஒரு கவிதையில் எழுதிய சொல். ஆனால் அந்த வாழ்க்கையை ஏழைக்கும் உறுதி செய்தது 1957-இல் நார்வே இயற்றிய சட்டம். பயிரிடாத நிலம் தனியாருடையதாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு தோட்டத்துக்குள் நுழைந்து பாருங்கள்! ஆகவே அந்த அட்டைக்கு ஒரு வேலியும் அதைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதையும் போதும் என்றேன்.

டோஸ்டேட்னிங் என்பது, நாம் போன பிறகு பிள்ளைகள் திண்டாடக்கூடாதென்று இருக்கும்போதே சாமான்களை ஒழிப்பது. மார்கரெட்டா மாக்னுசனின் புத்தகம் 2017-இல் இதைப் பல நாடுகளுக்கும் கொண்டு போயிற்று. காலி அலமாரி இளைஞர்களின் கற்பனை. என் வயதில் தெரிகிற படம் வேறு: பெயர்ச் சீட்டு கட்டிய ஒரு பழைய கோப்பை.

கடைசியாக, துணி பைண்டிங், தங்க நிற எழுத்து, கெட்டி அட்டை என்று அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை. சுவீடனில் எல்லென் கேய் 1899-இல் எழுதிய நூலின் தலைப்பே 'அனைவருக்கும் அழகு'. கிரேகோர் பால்சன் 1919-இல் எழுதியதற்கு 'மேலும் அழகிய அன்றாடப் பொருள்' என்று பெயர். தொழிலாளி வீட்டுக் கிண்ணமும் நாற்காலியும் மலிவாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்று வாதாடியவர்களின் நாட்டுப் பெயரைச் சொல்லி, மாணவன் வாங்க முடியாத பரிசுப் புத்தகமா செய்வது? இரண்டு வண்ணம், சாதாரண கார்டு அட்டை, நல்ல எழுத்து. வண்ணம் பாதியானால் பிளேட்டும் பாதி.

"மெழுகுவர்த்தி இல்லேன்னா கடையில யார் மாமா கையில எடுப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பத்தடி தூரத்திலிருந்து ஆளைக் கூப்பிடாத அட்டை அட்டையே இல்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பத்துப் புத்தகங்களில் ஒரே மெழுகுவர்த்தி எரிந்தால் எது யாரைக் கூப்பிடும்?

வேலி அட்டையை மட்டும் புதிதாக வரைந்து போன ஞாயிறன்று கொண்டுவந்தாள். பச்சையும் கறுப்பும்தான். பாதை வேலிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னும் இரண்டங்குலம் நீட்டச் சொல்லியிருக்கிறேன்.