குழாயின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

யூரியா, பொட்டாஷ், டி.ஏ.பி. ஆகிய சொற்களை நம் விவசாயிகளுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. காசு கொடுத்து வாங்கியதால் கற்றுக்கொண்டார்கள். ஆனால், பல ஆண்டு உழைக்க வேண்டிய பிளாஸ்டிக் குழாயை மட்டும் 'கறுப்புக் குழாய்', 'வெள்ளைக் குழாய்' என்று நிறம் சொல்லிக் கேட்கிறோம். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிறோம். இது சரியல்ல.

பி.வி.சி. விறைப்பானது. உப்பிலிருந்து எடுக்கும் குளோரின் அதில் பாதிக்கு மேல். மீதி பெட்ரோலியப் பொருள். மண்ணில் புதைக்க ஏற்றது. வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும். எச்.டி.பி.இ. என்பது அடர்த்தி மிகுந்த பாலிதீன், வளைந்து கொடுக்கும். சொட்டு நீர்ப் பாசனத்தின் பக்கக் குழாய்க்கு இன்னும் இளகிய எல்.எல்.டி.பி.இ. பயன்படுகிறது. அதன் கறுப்பு நிறம் அழகுக்கல்ல. வெயிலைத் தாங்குவதற்காகச் சுமார் 2.5 சதவீதம் கார்பன் கரி சேர்க்கிறார்கள்.

குழாயில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிதீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பாலிதீன் என்று விற்ற குழாய் மூழ்கினால், சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மிதப்பதெல்லாம் நல்ல சரக்கு என்றும் எண்ணிவிட வேண்டாம். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததும் மிதக்கும்.

எங்கள் ஊரில் ஒருவர் '2.5 கிலோ குழாய்' என்றதை எடைக் கணக்கு என்று நினைத்து வாங்கினார். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குழாய் தாங்கும் நீரழுத்தம். சுமார் 25 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்கே போதும். அவருடைய மோட்டாரின் அழுத்தமோ அதற்கு மேல். முதல் வாரத்திலேயே குழாய் வெடித்தது. கோடையில் பத்து நாள் வாழை காய்ந்தது. ஒரு சொல்லின் பொருள் தெரியாததற்கு அவர் கொடுத்த விலை அது.

குற்றம் விவசாயியுடையது மட்டுமல்ல. பி.வி.சி. குழாய்க்கு ஐ.எஸ். 4985, எச்.டி.பி.இ. குழாய்க்கு ஐ.எஸ். 4984 என்று தரம் வகுத்திருக்கிறார்கள். அந்த எண்ணையும் அழுத்தத்தையும் குழாயின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டால் யாருக்குப் பயன்? குழாயிலும் ரசீதிலும் தமிழிலும் எழுத வேண்டும். வேளாண்மைத் துறையின் பயிற்சி முகாம்களில் உரத்தோடு குழாயைப் பற்றியும் சொல்லித் தர வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். பெயர், தர எண், அழுத்தம் மூன்றையும் ரசீதில் எழுதித் தராத கடையில் குழாய் வாங்காதீர்கள்.