வீட்டு நாயும் வெளிநாட்டுப் பயணமும்

கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டையூசி வளைவுகளும் காரவள்ளி அடிவாரத்தில்தான் தொடங்குகின்றன. அவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளில் நாயில்லாத வாசலைக் காண்பது அரிது. இரவெல்லாம் விழித்திருந்து ஆட்டுப்பட்டியைக் காப்பது அதுவே. இத்தகைய வீடுகளின் பிள்ளைகள் இன்று அந்நிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். நாளடைவில் குடும்பமும் உடன் புறப்படுகிறது. நிலத்தை யாரிடம் ஒப்படைப்பது, வீட்டுச் சாவி யாரிடம் இருப்பது என்று மாதக்கணக்கில் ஆலோசிப்போர், நாயைப் பற்றி மட்டும் பெட்டி கட்டும் வாரத்தில்தான் நினைக்கின்றனர். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

மனிதருக்கு விசா கிடைத்த மறுவாரமே பறந்துவிடலாம். நாய்க்கு அது இயலாது. வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. ஆதலால் அந்நோயை ஒழித்த நாடுகள் இங்கிருந்து வரும் நாயை நன்கு ஆராய்ந்தே உள்ளே விடுகின்றன.

ஜெர்மனி முதலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விதியை எடுத்துக்கொள்வோம். முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசிமணி அளவான மைக்ரோசிப் ஒன்றைச் செலுத்த வேண்டும். அதிலுள்ள 15 இலக்க எண்ணே நாயின் அடையாளம். அதன் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டு 30 நாளேனும் சென்றபின் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாதிருத்தல் அவசியம். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகே பயணம். ஆக, தடையேதும் நேராவிட்டாலும் நான்கு மாதம் ஆகும். ஆறு மாதத்திற்கு முன்னரே தொடங்குவது விவேகம்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜப்பான் 180 நாள் காத்திருக்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரே வரும் நாயை ஏற்பதே இல்லை. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் நிறையாத குட்டிகளை அனுமதிப்பதில்லை. ஆகவே செல்லும் நாட்டின் விதியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதியின் நற்பேறு. அங்கே ஆலோசனை பெறலாம். புறப்படும் நாள் நெருங்கும்போது, சென்னையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நாயைக் காட்டி, நலச் சான்றிதழ் பெற வேண்டும்.

2022இல் உக்ரைன் போரின்போது நம் மாணவர் சிலர் தம் நாயையும் பூனையையும் விட்டுவர மறுத்தனர்; நம் அரசும் விதிகளைத் தளர்த்தி அவற்றை உள்ளே விட்டது. ஆனால் அது போர்க்கால விதிவிலக்கு, எல்லோரும் எதிர்பார்க்கத்தக்கதன்று.

காத்திருக்கும் மாதங்கள் வீணல்ல. பயணக் கூண்டு, நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் இயல்பாகப் படுக்கவும் இடமளிக்க வேண்டும். அதை முன்னரே வாங்கித் திண்ணையில் திறந்து வையுங்கள். சோற்றையும் அதனுள்ளேயே வையுங்கள். பிறகு கூண்டோடு வண்டியில் ஏற்றிச் சேந்தமங்கலம் வரை சென்று வாருங்கள். இவ்வாறு பழகிய நாய்க்கு விமானத்தின் இருளும் இரைச்சலும் அத்தனை அச்சம் தரா. மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து; அதை நாடாதீர்கள். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுத்திணறல் நேரலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எல்லா நாயையும் அழைத்துச் செல்வதுதான் அன்பு என்பதில்லை. தோட்டமெங்கும் ஓடித் திரிந்த முதிய நாய்க்கு, பனி பெய்யும் ஊரின் நான்காம் மாடி அறை சிறையாகலாம். அப்படியாயின் அதை நன்கறிந்த உறவினரையோ அண்டை வீட்டாரையோ இப்போதே தேர்ந்தெடுங்கள். நீங்கள் இருக்கும்போதே அவர்கள் கையால் உணவு உண்ணப் பழக்குங்கள். மாதந்தோறும் அதன் செலவுக்குப் பணம் அனுப்புங்கள்.

செய்யத்தகாதது ஒன்றே: பூட்டிய வாசலில் அதை விட்டுச் செல்வதும், மலைப்பாதையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவதும். பேசத் தெரிந்த யாவரிடமும் விடைபெற நமக்கு நேரம் இருக்கிறது. பேசத் தெரியாத அந்த ஒன்றுக்காக, பயணத்தை எண்ணிய அன்றே ஏற்பாட்டைத் தொடங்குவோம்.