மேடை ஏறாதவர்கள்

விசுவாச மறுதலிப்பு என்றதும் நம் மனக்கண்முன் எழுவது பழகிப்போன ஒரு சித்திரம். ஆலயங்கள் பூட்டப்படும், சிலுவைகள் வீழ்த்தப்படும், கடவுளைப் பழிக்கும் கொடுங்கோலன் ஒருவன் அரியணையில் வீற்றிருப்பான். தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுலடியார் முன்னறிவித்த மறுதலிப்பை நாம் இவ்வாறே கற்பனை செய்து வந்திருக்கிறோம். இக்கற்பனை நமக்கு மிகவும் வசதியானது. அதில் மறுதலிப்பவர் எப்போதும் வேறு எவரோ, நாம் அல்லோம்.

இந்த வசதியை ருஷ்ய மெய்யியலாளர் விளாதிமிர் சொலவியோவ் 1900-ஆம் ஆண்டிலேயே நம்மிடமிருந்து பறித்துவிட்டார். அவ்வாண்டே தம் 47-ஆம் வயதில் இறந்த அவர், இறுதியாக எழுதிய ‘மூன்று உரையாடல்கள்’ என்னும் நூலின் முடிவில் எதிர்க்கிறிஸ்துவைப் பற்றிய சிறுகதை ஒன்றைச் சேர்த்தார். கதை நிகழ்வது இருபத்தோராம் நூற்றாண்டில். வருகிறவன் கொடியவன் அல்லன். 33 வயதினன், துறவொழுக்கம் உடையவன், புலால் உண்ணாதவன், ஏழைகளின் பசி தீர்ப்பவன், கடவுள் உண்டென்றும் நம்புகிறவன். ஆனால் அவன் தன்னையன்றி எவரையும் நேசிப்பதில்லை. உலக அமைதிக்கு வழிகூறி அவன் எழுதும் நூலை எல்லாரும் போற்றுகின்றனர். அந்நூலில் கிறிஸ்துவின் பெயர் ஓரிடத்தும் இல்லை. அதனால் என்ன, கிறிஸ்தவக் கருத்துகள்தாம் நிறைய உள்ளனவே என்று கிறிஸ்தவர்களே சமாதானம் கூறிக்கொள்கின்றனர்!

பேரரசனாகிவிட்ட அவன் எருசலேமில் பொதுச்சங்கம் கூட்டுகிறான். அங்கே எவரையும் மிரட்டவில்லை, பரிசளிக்கிறான். கிறிஸ்தவத்தில் உங்களுக்கு மிக அருமையானது எது என்று கேட்டு, கேட்டதைக் கொடுக்கிறான். கத்தோலிக்கருக்குத் திருத்தந்தையின் அதிகாரமும் உரோமை அரியணையும். ஆர்த்தடாக்ஸ் சபையாருக்குக் கான்ஸ்தாந்திநோபிளில் தொன்மைத் திருப்பொருள்களைக் காக்கும் பெரும் அருங்காட்சியகம். புரொட்டஸ்டாண்டாருக்கு மறைநூலைக் கட்டின்றி ஆராய ஒரு நிறுவனமும் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் மார்க் பணமும். பெற்றுக்கொள்ள விரும்புவோர் மேடைக்கு வரலாம்.

ஏறினார்கள். கர்தினால்களும் ஆயர்களும் முண்டியடித்து ஏறினார்கள். கீழே எஞ்சியோர், சிறு கூட்டத்தார் சூழ்ந்த திருத்தந்தை இரண்டாம் பேதுருவும், மூப்பர் யோவானும், பேராசிரியர் பௌலியும். காலியான இருக்கைகளைக் கடந்து அவர்கள் ஒருவரையொருவர் நெருங்கி அமர்கின்றனர்.

எதிர்க்கிறிஸ்து பொய்யான எதையும் கொடுக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அதிகாரம், மரபு, கல்வி மூன்றும் திருச்சபையின் மெய்யான செல்வங்களே. மறுதலிப்பு நிகழ்வது அவற்றை வெறுப்பதால் அன்று. அவற்றை ஆண்டவருக்கு மேலாக நேசிப்பதால். இதனாலேயே மூப்பர் யோவான் எழுந்து, எங்களுக்கு அருமையானவர் கிறிஸ்து ஒருவரே, அவரை இங்கே அறிக்கையிடும் என்கிறார். மன்னனின் முகம் இருள்கிறது. அவனால் எல்லாம் தர இயலும். அது ஒன்று மட்டும் இயலாது.

இக்கதையின் ஆசிரியர் பிறந்த நாட்டிலேயே இன்று இறுதிக்காலம் எவ்வாறு பேசப்படுகிறது? 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மாஸ்கோவின் மறைமுதுவர் தலைமை வகிக்கும் உலக ருஷ்ய மக்கள் மன்றம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. உக்ரைன் போர் ‘புனிதப் போர்’ என்றும், சாத்தானிடம் வீழ்ந்துவிட்ட மேலைநாடுகளிடமிருந்து உலகைக் காக்கும் ‘தடுப்பவன்’ ருஷ்யாவே என்றும் அது பறைசாற்றியது. தடுப்பவன் என்பது அதே தெசலோனிக்கர் திருமுகத்துச் சொல்! திருத்தூதரின் சொல்லைப் பீரங்கியின்மேல் எழுதிவைப்பது எவ்வகை விசுவாசம் என்று கேட்கிறோம். தேசத்தை வழிபடும் இப்போக்கைச் சொலவியோவ் 1880-களிலேயே கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1881-இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரைக் கொன்றவர்களுக்கே கிறிஸ்தவ மன்னிப்பு வழங்குமாறு பொதுமேடையில் வேண்டி, அதனால் பேராசிரியப் பணியையும் துறக்க நேர்ந்தவர் அவர்.

சொலவியோவையும் நாம் குறையற்றவர் என்று கொள்ளவில்லை. அதே கதையில் ஜப்பானியரும் சீனரும் படையெடுத்து ஐரோப்பாவை அடிமைகொள்வதாக எழுதியிருக்கிறார். ஆசியராகிய நாம் அதனை இறைவாக்கென்று ஏற்பதற்கில்லை. அது அக்காலத்து ஐரோப்பியனின் அச்சம், அவ்வளவே. அவருக்குப் பின்வந்த பெர்தியாயேவ், 1922-இல் நாடு கடத்தப்பட்டவர், வேறொன்றைச் சொன்னார். ஃபியோதரவ் என்னும் மூத்த சிந்தனையாளரைப் பின்பற்றி, திருவெளிப்பாட்டின் எச்சரிக்கைகள் மாற்றவொண்ணாத விதி அல்ல, மனிதன் திரும்பாவிடில் நேர்வன என்றார். நினிவே நகர் அழியவில்லை என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆயினும் குருமடத்தில் நாம் கற்ற இறுதிக்கால இயலில் மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்னும் நான்கும் இருந்தன. இவர்கள் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை.

நம்மவருக்கும் ஒரு சொல். திருத்தந்தை உறுதியாக நிற்கிறார் என்பதால் இக்கதையை நம் வெற்றிக்கொடியாகப் பிடிக்கும் கத்தோலிக்கர் உளர். 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் செவிமடுத்த தவக்காலத் தியானத்தில் கர்தினால் பிஃபி இக்கதையை எடுத்துரைத்தது கொடி பிடிப்பதற்கன்று. கிறிஸ்துவை வெறும் நற்பண்புகளின் தொகுப்பாகச் சுருக்கிவிடாதீர் என்று எச்சரிப்பதற்கே. மேடை ஏறியவர்களுள் கத்தோலிக்க ஆயர்களில் பெரும்பான்மையோரும் உண்டு என்பதைக் கொடி பிடிப்போர் வாசிக்கத் தவறிவிடுகின்றனர்.

சொலவியோவ் 1896-இல் கீழைவழிபாட்டுக் கத்தோலிக்கக் குரு ஒருவரிடம் நற்கருணை பெற்றார். மரணப்படுக்கையில் ஆர்த்தடாக்ஸ் குருவிடம் பெற்றார். அவர் யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் கதையிலோ, கொல்லப்பட்டு உயிர்த்தெழுந்த பேதுருவும் யோவானும் பௌலியுடன் கைகோத்துத் திருச்சபைகளை ஒன்றாக்குவது இருண்ட இரவில், எரிகோவை அடுத்த பாலைநிலத்தின் தனித்த ஒரு மேட்டில். அவர்களிடம் அப்போது அரியணையும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை.