ஓடுகிறது, சரி, சரியாக ஓடுகிறதா?

கடந்த பருவ விடுமுறையில் எங்கள் வீட்டு மேசைக்கணினிக்கு 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். விலை 85 ரிங்கிட். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்; மூன்று வாரம் இழுத்துவிட்டது. அதற்குள் அம்மாவின் 37 படங்கள் பாழாயின. ஒரு கடைக்காரரிடம் காரணமே இல்லாமல் குரலை உயர்த்தினேன். இத்தனைக்கும் கணினி முதல் நாளே 'ஓடியது'. அந்த 'ஓடியது' என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கணினி மாமா கொடுத்தது. அவர் விளையாட்டுக்காகப் பார்த்துப் பார்த்துக் கோர்த்தது. மடிக்கணினி வாங்கியதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என் இடுபணிகள், எஸ்பிஎம் எழுதும் தங்கையின் இயங்கலை வகுப்பு, அப்பாவின் கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான். இருந்த 8 ஜிபி போதவில்லை. உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலே திணறியது. மாமா போட்டிருந்தது டிடிஆர்4 ரேம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் அடிப்பக்க வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும்; மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் உட்காராது. அது எனக்குத் தெரிந்திருந்ததால் சரியானதையே வாங்கினேன். அதோடு எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

பொருத்திவிட்டு விசையை அழுத்தினேன். மின்விசிறிகள் சுழன்றன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஏம்மா அதப் போட்டு நோண்டுன?" என்றார் அப்பா.

உண்மையில் இந்தக் கட்டம் பயப்படும்படியானதே இல்லை. பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, தொடக்க விசையைச் சில விநாடி அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்கினேன். ரேமை எடுத்து மறுபடியும் இரு கட்டைவிரல்களாலும் 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். முதல் முறை ஒரு முனை அரைகுறையாகத்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் முறையும் திரை உடனே வரவில்லை. புதிய ரேமைப் பார்த்ததும் மதர்போர்டு அதை அளந்து பழகிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும். டிடிஆர்5 என்றால் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பலர் அந்த நேரத்தில்தான் பதறிப்போய் அணைத்துவிடுகிறார்கள். நான் காத்திருந்தேன். திரை வந்தது. 16 ஜிபி என்று காட்டியது. "சரியாயிருச்சு!" என்று வீடு முழுக்க அறிவித்தேன்.

இங்கேதான் நான் தவறினேன். திரை வராத கணினி ஏதோ கோளாறு என்று நேராகச் சொல்லிவிடுகிறது. திரை வந்த கணினியை நாம் கேள்வியே கேட்பதில்லை.

ஐந்தாம் நாள், அம்மாவின் கைப்பேசியில் இடம் இல்லை என்பதால் படங்களையெல்லாம் கணினியில் நகலெடுத்துவிட்டுக் கைப்பேசியில் அழித்தேன். எட்டாம் நாள் முதல் நீலத்திரை. உலாவி தானாக மூடிக்கொண்டது. விண்டோஸ் புதுப்பிப்பைத் திட்டினேன். பிறகு வைரஸ் தடுப்பு மென்பொருளை. பிறகு தங்கை பதிவிறக்கிய ஏதோ ஒரு விளையாட்டை. பாவம், அவள் அழாத குறை. விண்டோசையே புதிதாக நிறுவ முயன்றபோது அதுவும் பாதியில் கோப்பு சிதைந்துவிட்டது என்று நின்றது. அப்போதுதான் ரேம் மீது சந்தேகம் வந்தது. வந்த வேகத்தில் கடைக்குப் போய், பழுதான பொருளை விற்றுவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் எதுவும் பேசாமல் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். அதைப் பொருத்தியும் இரண்டு நாளில் நீலத்திரை.

என் வெட்கத்தைச் சற்றுக் குறைத்தது ஒரு செய்தி. லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2022 அக்டோபரில் அதன் 6.1 பதிப்புக்கான வேலையில் இருந்தபோது, அவருடைய மேசைக்கணினியும் இப்படித்தான் தடுமாறியிருக்கிறது. அவரும் முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால் ஒரு ரேம் பழுது. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி அவர் எழுதத் தொடங்கிய மென்பொருளில் ஓடுகிறது, அவருக்கே அப்படி!

இது அபூர்வமான கோளாறும் அல்ல. டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளில் பணியாற்றியவர்களோடு சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்ததில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம்கள் ஒரு பிழையாவது செய்திருந்தன. சர்வர்களில் இருக்கும் ரேம், ஒற்றை பிட் மாறினால் தானே கண்டுபிடித்துத் திருத்திவிடும் வகையைச் சேர்ந்தது. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. ஒரு பிட் மாறினால் மாறியதுதான். படத்தை நகலெடுக்கும்போது அது ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது. வழியில் மாறியதை வட்டு உண்மை என்று எழுதிக்கொள்கிறது.

பல்கலைக்கழக விடுதியில் எனக்கு மூத்த மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "மெம்டெஸ்ட்86+ ஓட விட்டுட்டுத் தூங்குங்க. காலையில பேசலாம்" என்றார். அது இலவச மென்பொருள். பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓட விடலாம். ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எதையாவது எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். முதல் சுற்றில் ஒரு பிழையும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் மறுபடியும் 'ஓடுது' என்றிருப்பேன். இரண்டாம் சுற்றில் வரிசையாகச் சிவப்பு வரிகள்.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். பழைய ரேம் தனியாக ஓர் இரவு: பிழை இல்லை. புதியது தனியாக, அதே ஸ்லாட்டில் ஓர் இரவு: பிழை இல்லை. ஸ்லாட்டை மாற்றியும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்தால் சிவப்பு. எந்த ரேமும் பழுதில்லை. மாமா விளையாட்டுக்காகப் பயாசில் எக்ஸ்எம்பியை இயக்கி, வேகத்தை 3200இல் வைத்திருந்தார். ஒரு ரேம் இருந்தவரை அது தாங்கியது. வேறு நிறுவனத்தின் ரேம் ஒன்று துணைக்கு வந்ததும், அந்த வேகத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. தயாரிப்பாளர்கள் ஜோடியாக விற்கும் ரேம்களைத்தான் ஜோடியாகச் சோதிக்கிறார்கள். நாம் கடையில் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. எக்ஸ்எம்பியை அணைத்தேன். வேகம் 2666க்கு இறங்கியது. நான்கு சுற்றிலும் பிழை இல்லை. இடுபணி எழுதுவதில் எனக்கு வேக வித்தியாசம் தெரியவே இல்லை.

ஐந்து இரவுகளில் கண்டுபிடித்ததை மூன்று வாரம் இழுத்ததற்குக் கணினி அறிவுக் குறைவு காரணமல்ல. எனக்குப் பழக்கம் இல்லை. இடைநிலைப்பள்ளி இயற்பியல் கூடத்தில் ஓம் விதிக்குக் கோடு வரைந்தது நினைவிருக்கிறதா? கோடு நேராக வர வேண்டும் என்பது முன்பே தெரியும். ஒரு புள்ளி விலகி நின்றால் நாங்கள் என்ன செய்தோம்? அழிப்பானால் அழித்துக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்தப் புள்ளி ஏன் விலகியது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் கூடுதல் புள்ளியும் கிடைத்திருக்காது. கணினி அறிவியலிலும் நிரல் எழுதினோம், விடை வந்தது, ஆசிரியர் கையெழுத்திட்டார்.

நான் படித்த பள்ளியில் கணினிக் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை நிறையப் பழைய கணினிகள் தூசி படிந்து கிடந்தன. படிவம் நான்கு மாணவர்கள் நால்வருக்கு ஒன்று என்று அவற்றைக் கொடுக்கலாம். கோளாறு என்ன என்று ஆசிரியருக்கும் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. சரிசெய்ததற்குப் புள்ளி வேண்டாம். எதை மாற்றினோம், என்ன பார்த்தோம், எதைச் சந்தேகித்து ஏன் விட்டோம் என்று எழுதிய குறிப்பேட்டுக்குப் புள்ளி கொடுங்கள். இக்கால மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைக் கழற்றவே முடியாது, இதைக் கற்று என்ன பயன் என்று என் தோழி கேட்டாள். கழற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் தங்கையைத் திட்டும் முன் ஒரு சோதனையாவது செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

விடுமுறை முடிவதற்கு முதல் நாள் அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பயாசில் வேகம் எவ்வளவு வைத்திருந்தாய்?" என்றுதான் கேட்டார். நான் பேச விட்டிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார்.

படங்களில் 11 சித்தியின் கைப்பேசியில் கிடைத்தன. பாட்டியோடு பத்துமலையில் எடுத்தவை மற்றவற்றில் இருந்தன. திறந்தால் மேல் பாதியில் முகங்கள் தெரிகின்றன, கீழே சாம்பல் நிறப் பட்டை. அம்மா அவற்றை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.