கற்று மீண்டோர் வீடு சேர்வது எப்போது?

செருமனியிலோ அமெரிக்காவிலோ நாலாண்டு கற்று மீளும் தமிழிளைஞன் வானூர்தி நிலையத்தில் மாலை ஏற்கின்றான். ஒரு திங்கள் கழியுமுன்னரே தன் ஊரில் அயலானாகி நிற்கின்றான். வெயிலும் தெருவின் இரைச்சலும் அவனை வருத்துகின்றன. அவை ஓராண்டிற் பழகிவிடும். பழகாத துன்பம் ஒன்றுண்டு. “அங்கே என்னப்பா படித்தாய்?” என்று தந்தை வினவுகின்றார். நூறு பக்க ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதியவனுக்கு, அதன் கருத்தைப் பெற்றவர்க்குப் பத்துச் சொற்றொடரில் விளக்க வாய் வரவில்லை.

அயல்நாட்டின்மேற் பழி போடுதல் பொருந்தாது. அவன் வானூர்தி ஏறியது இருபத்திரண்டாம் அகவையில். தமிழை விட்டு நீங்கியதோ மூன்றாம் அகவையில், ஆங்கிலவழி மழலைப் பள்ளியின் வாயிலில். பிரிவு இங்கே தொடங்கியது, அங்கே முற்றியது.

இப்பிரிவை வென்று காட்டியவர் தனிநாயக அடிகள். ஈழத்திற் பிறந்த அவர், 1930-களில் உரோமையிற் சமயக் கல்வி பெற்றார். மேலை மொழிகள் பல அவர் நாவில் இருந்தன. நெல்லைச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றபோது, தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லையென உணர்ந்தார். அக்குறையை ஆங்கிலங் கொண்டு மூடினாரல்லர். முப்பதை அணுகிய அகவையில் தமிழ்ப் புலவரிடம் மாணவராய் அமர்ந்தார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகஞ் சேர்ந்து தமிழிலக்கியங் கற்றார். அதன் பின்னரே மேலைநாட்டிற் பெற்ற கல்வி தமிழுக்குப் பயன்பட்டது. 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று.

தமிழில் அறிவியலைச் சொல்ல இயலாதென்பார்க்கு அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீனே விடை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர் தமிழ் கற்றார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலான் செய்ததை வீட்டு மகன் செய்யலாகாதா?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. அவ்வழி நிலைக்க நல்ல நூல்கள் வேண்டும். துறையறிவும் மொழியறிவும் ஒருங்கே பெற்றோரன்றி அவற்றை எழுத வல்லார் யார்?

வீட்டாரும் தம் பங்கை உணர்தல் வேண்டும். மகன் ஆங்கிலத்திற் பொழிவதை அண்டை வீட்டார்முன் காட்டிப் பெருமிதங் கொள்ளும் பெற்றோரே அவனை அயலானாக்குகின்றனர்.

கற்று மீண்ட இளைஞர்களே! மேலை நாடு தந்த அறிவை இழக்கவேண்டா. அதைத் தமிழுக்குக் கொண்டு வருக! கற்ற துறையில் ஒரு கட்டுரையேனும் தமிழில் எழுதுக! அதை முதலிற் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுக! தந்தையின் வினாவுக்குத் தமிழில் விடை கூறும் நாளே, மகன் வீடு சேர்ந்த நாள்.